வேணிக்கு ஒரு ஊர்

ஜனவரி 14, ஞாயிறு. டிராய், மிச்சிகன்.

காலையில் எழுந்து பார்த்தால் காரைக் காணோம். பனிக்குள் இருந்தது. மண்வாரியை எடுத்துக்கொண்டு போய் வாசலைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் இடுப்பு போயிற்று. உள்ளே வந்து காபி குடித்துவிட்டு எட்டிப் பார்த்தால், வாரிய இடத்தில் மறுபடியும் வெள்ளையாக விழுந்து கிடக்கிறது. முப்பது வருஷமாக இதே கூத்துதான். கார் கம்பெனியில் வேலை இருந்தவரை இந்த ஊரில் இருக்க ஒரு காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காக வாருகிறேன் என்று தெரியவில்லை.

வேணியிடம் சொன்னேன். "போதும் வேணி. ஸ்னோ இல்லாத ஊரா பாத்துப் போயிருவோம்."

"எங்க?"

"அமெரிக்காவுல ஊருக்கா பஞ்சம்? தேடுவோம்."

"தேடுங்க," என்றாள். அவ்வளவுதான். எங்கள் மகள் தாரிணியை வளர்த்த வீடு. இதை விட்டுப் போவதென்றால் ஒரு சண்டையாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

நாளைக்குப் பொங்கல். இந்தியக் கடை வரைக்கும் போகிற பாதை சரியில்லை என்பதால் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பால் மட்டும் வாங்கினோம். கல்லாவில் இருந்த பெண் ஏதோ கேட்க, வேணி நல்ல தமிழில், "பை வேண்டாம்மா, கையிலயே கொண்டு போயிருவேன்," என்று பதில் சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் சிரித்து மழுப்பினேன். பதினேழு வருஷம் இந்த ஊர் நூலகத்தில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து ஆங்கிலத்தில் கதை படித்துக் காட்டியவள் வேணி. களைப்பாக இருந்திருப்பாள்.

நிறைய ஊர்கள் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாது என்று இதில் எழுதி வைக்கிறேன். மறதி யாருக்கும் வரும்.

ஜனவரி 23, செவ்வாய்.

டாக்டரிடம் முடிவு கேட்கப் போனோம். போன மாதம் தலையைப் படம் எடுத்தார்கள், வேறு சோதனைகளும் செய்தார்கள். அவர் கேட்டதெல்லாம் ஆங்கிலத்தில், வேணி சொன்னதெல்லாம் தமிழில். நடுவில் உட்கார்ந்து நான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று என்ன கிழமை என்று அவர் கேட்டதற்கு, "அது கூடவா இவருக்குத் தெரியாது?" என்று வேணி என்னிடம் கேட்டாள். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னார். இந்த நிலையில் சிலருக்குப் பிந்திக் கற்ற மொழி முதலில் நழுவுமாம். அவர்கள் பேசுவது புரிகிற ஆட்கள் சுற்றி இருந்தால் நாள் நல்லபடியாகப் போகுமாம். "அப்படி ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். வரும்போது காரில் யோசித்துப் பார்த்தேன். நான் இருக்கிறேன்.

தாரிணிக்குப் போன் செய்தேன். டென்வரில் ஆபீஸில் இருந்தாள், வெளியே வந்து நின்று அழுதாள். அவள் வீட்டுப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறதாம்.

"அங்க எல்லாரும் ரொம்ப கைண்டா இருப்பாங்கப்பா."

"இருப்பாங்க. இங்கிலீஷ்ல கைண்டா இருப்பாங்க," என்றேன்.

அப்படி வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 3, சனி.

ஊர் தேடுவது பெண் தேடுவது மாதிரி இருக்கிறது. யாரைக் கேட்டாலும் அவரவர் ஊருக்கு ஜாதகம் வாசிக்கிறார்கள். டெக்சாஸ்காரர்கள் வீட்டின் அளவைச் சொல்கிறார்கள். ஃப்ளோரிடாக்காரர்கள் வெயிலைச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை, கலிஃபோர்னியா என்று மட்டும் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எங்களுக்குப் பெண் பார்க்கும் படலமே நடக்கவில்லை. கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் வந்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். திருநெல்வேலி என்றேன். "எங்களுக்குச் சாத்தூர். வெள்ளரிக்காய்க்குப் பேர்போன ஊரு," என்றாள். வெள்ளரிக்காயை வைத்துப் பெருமைப்பட்ட பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்கள் வீட்டில் தமிழ். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வேணி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், என்னைவிட நல்ல தமிழ் பேசுவாள். நம் வீட்டில் தமிழ்தான் என்று யாரும் முடிவு செய்யாமலே அது முடிவாயிற்று.

தாரிணிக்கு இன்று எழுதிய மெயிலில் பனி கூடாது, நல்ல மருத்துவமனை வேண்டும், விமான நிலையம் பக்கத்தில் வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். ஒன்றை எழுதவில்லை. ஒவ்வொரு ஊரிலும் வேணியை இந்தியக் கடைக்குள் தனியாக அனுப்பிவிட்டு, நான் பருப்பு மூட்டைகள் பக்கம் தள்ளி நிற்கப் போகிறேன். அவள் தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் வருகிற ஊர் எதுவோ அதுதான் எங்கள் ஊர்.

பிப்ரவரி 17, சனி. கேரி, நார்த் கரோலினா.

செல்லப்பா வீட்டில் தங்கியிருக்கிறோம். என் கூடப் படித்தவன், பாளையங்கோட்டைக்காரன். இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறான். விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் கோயில், தமிழ்ப்பள்ளி, இட்லி கிடைக்கும் கடைகள் என்று எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டான். அவனுடைய மனைவி வனஜா கேசரியும் பஜ்ஜியும் செய்து வைத்திருந்தார். பெண் வீட்டார் தோற்றார்கள்.

கடைச் சோதனை நடந்தது. வேணி உள்ளே போனாள். நான் துவரம்பருப்பு விலையைப் படிப்பதுபோல் நின்றேன்.

"முருங்கைக்கா இருக்காம்மா?"

கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்தது. "வெள்ளிக்கிழமைதான் வரும் அக்கா. நேத்து வந்தது எல்லாம் முத்தல். நீங்க மதுரைப் பக்கமா?"

"சாத்தூர்," என்றாள் வேணி.

பருப்பு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

மாலையில் செல்லப்பா வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தார்கள். தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் பொறுப்பில் இருப்பவர்கள். மேடையில் தமிழ் பேசுவார்களாம். சோபாவில் ஆங்கிலம்தான் வருகிறது. வேணி சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவளிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

செல்லப்பா வாசலில் வைத்துத் தோளில் கை போட்டான். "யோசிக்காத வே. பேசாம வந்துரு. அவங்களுக்கு முடியலன்னா வனஜா பாத்துக்குவா. நாங்க எதுக்கு இருக்கோம்?"

அவனிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய். டிராய்.

வேணியும் தாரிணியும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். நூலகத்துக் கதைகளையெல்லாம் வேணி முதலில் மகளிடம்தான் படித்துப் பார்ப்பாள். அந்தக் கதைகளில் வரும் முயல், கரடி எல்லாவற்றின் குரலும் அவர்கள் இருவருக்குள் உண்டு. நான் தமிழில் திட்டுவேன், அவர்கள் ஆங்கிலத்தில் சிரிப்பார்கள்.

இன்று தாரிணி போன் செய்தாள். வேணி கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிம்மா, சரிம்மா" என்றாள். பிறகு போனை என்னிடம் நீட்டி, "நீங்க பேசுங்க, அவ வேகமா பேசுறா," என்றாள்.

போனை வாங்கிக் காதில் வைத்தேன். "நான் கரடி வாய்ஸ்ல பேசினேன்பா," என்றாள் தாரிணி. "அம்மாவுக்கு அது யாருன்னே தெரியல."

அங்கே பனி எப்படி என்று கேட்டேன்.

மார்ச் 9, சனி. டாம்பா, ஃப்ளோரிடா.

புழுக்கம். கடையில் இந்தியில் பதில் வந்தது. நாளைக்கே திரும்புகிறோம்.

மார்ச் 14, வியாழன். டிராய்.

துணி மடித்துக்கொண்டே வேணி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு என்று நினைத்தேன். கிட்டே போனால் பேச்சு. தெலுங்கு. அவளுடைய அம்மா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு போனில் பேசுவதுதான் அவளுக்கு இருந்த தெலுங்கு. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதைக் கேட்டதில்லை.

"யார்கிட்ட பேசுற?"

"யார்கிட்டயும் இல்ல," என்றாள் தமிழில். துண்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தாள்.

அம்மா ஞாபகம் வந்திருக்கும். தாய் ஞாபகம் வராத பெண் உண்டா. இதில் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 30, சனி.

கேரி என்று முடிவு. செல்லப்பா தெருவிலேயே ஒரு வீடு காலியாகிறதாம். நல்ல வெளிச்சம், மாடி இல்லை, வேணிக்குப் படியேற வேண்டாம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வனஜா எந்த அலமாரியில் எதை வைப்பது என்பது வரை போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. வேணிக்குத் தமிழ் இருக்கிறவரை எனக்கும் அவள் இருப்பாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்.

காலையில் குளித்து, தலையைத் துவட்டாமல் வந்து அடுப்படி வாசலில் நின்றாள். "அம்மா எக்கட?" என்றாள்.

அம்மா எங்கே என்று கேட்கிறாள், அது எனக்கே புரிகிற தெலுங்குதான். "அம்மா சாத்தூர்ல இருக்காங்க," என்று சொல்லிவைத்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாஷை தெரியாத ஊரில் வழி கேட்டுவிட்டு நிற்பவள்போல் நின்றாள். பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். இன்று யுகாதி, தெலுங்கு வருஷப்பிறப்பு.

தலையைத் துவட்டிவிட்டேன். கொஞ்சநேரத்தில் பழையபடி தமிழுக்கு வந்துவிட்டாள். அன்றைக்குத் துணி மடிக்கும்போது பேசியதும், நடுவில் நான் இங்கே எழுதாமல் விட்ட நாட்களில் பேசியதும் அம்மா ஞாபகம் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். தாரிணிக்கு நடந்தது எனக்கும் நடக்கப் போகிறது. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி. ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்.

இந்த ஊர் எங்கள் கணக்கிலேயே இல்லை. தாரிணிக்கு டல்லாஸில் ஆபீஸ் வேலை. பக்கத்தில் ஒரு ஃபிளாட்டை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, வாங்க, ஒன்றாக இருப்போம் என்றாள். அதனால் வந்தோம்.

இன்று சாயங்காலம் நானும் தாரிணியும் கேரி வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு கொஞ்சம் உரக்கப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் வேணி இல்லை. வாசல் கதவு திறந்திருக்கிறது. செருப்பும் இல்லை.

தாரிணி கார் நிறுத்தும் பக்கம் ஓடினாள். நான் பின்னால் இருக்கும் பூங்காவுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேனே தவிர, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓடியிருக்க முடியும். அங்கே ஒரு குளம் இருக்கிறது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு அதன் ஓரமாகப் போனேன்.

குளத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புடவை கட்டி, காலில் ஷூ போட்டு, பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாக்கள். நடுவில் வேணி. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, புல்லில் காலை நீட்டி, கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். தெலுங்கில். தட்டுத்தடுமாறி இல்லை, மடை திறந்த மாதிரி. சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரிக்கவைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படிப் பேசி எத்தனை மாதமாயிற்று என்பது மட்டும் தெரியும்.

உடனே போய்க் கூப்பிடவில்லை. ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதியோடு இன்னொன்றும் வந்தது. பொறாமை. என்னோடு பேசினால் இரண்டு வார்த்தைக்கு மேல் போவதில்லை, இவர்களோடு என்ன இவ்வளவு.

என்னைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி தெலுங்கில் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். வேணி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு கேக்காங்க."

"கார் கம்பெனின்னு சொல்லு."

அவள் அதைத் தெலுங்கில் சொன்னாள். நிச்சயம் அதைவிட அதிகமாகச் சொன்னாள், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் அறையில் நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது அவள் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது அவர்களில் ஒருவர் கூடவே கொஞ்சதூரம் வந்தார். பெயர் அன்னபூர்ணா. திருப்பதிக்காரர், அதனால் தமிழ் கொஞ்சம் வருகிறது. மகன் வீட்டோடு இங்கேயே தங்கிவிட்டவராம்.

"அண்ணா, உங்க வைஃப் பேசுற தெலுங்கு ரொம்ப பழசு. இப்ப யாரும் அப்படி பேச மாட்டாங்க. கேக்கறதுக்கு எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா? நாளைக்கும் கூட்டிட்டு வாங்க."

அவர் வேறெதையும் கவனிக்காதவர்போல் பேசினார். எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்.

ஏப்ரல் 21, ஞாயிறு. ஃப்ரிஸ்கோ.

மறுபடி கூட்டிப்போனேன். நேற்று சொன்னதையே வேணி இன்றும் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் நேற்று சிரித்த மாதிரியே இன்றும் சிரித்தார்கள்.

நானும் தாரிணியும் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"என்ன யோசிக்கிறீங்கன்னு தெரியுதுப்பா. வேண்டாம்."

"ஏன்?"

"எனக்கு அம்மாவோட இங்கிலீஷ் போச்சு. உங்களுக்குத் தமிழ் இருக்கு. இங்க வந்தா அம்மா நாள் பூரா தெலுங்குலதான் இருப்பாங்க. இருக்கிற தமிழும் சீக்கிரம் போயிரும். அப்புறம் நீங்க அவங்ககூட என்ன பேசுவீங்க?"

அவள் சொன்னது சரி. நானே பல தடவை எனக்குள் சொல்லிக்கொண்டதுதான்.

"கேரிக்குப் போனா இன்னும் கொஞ்சநாள் உங்ககூட பேசுவாங்க இல்ல?" என்றாள்.

"பேசுவா. என்கூட மட்டும் பேசுவா."

மரத்தடியில் வேணி எழுந்து நின்று யாரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கையை இடுப்பில் வைத்து, கழுத்தை ஒடித்து. தாரிணி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா லைப்ரரில கதை சொல்றப்ப இப்படித்தான் நிப்பாங்க," என்றாள்.

மே 4, சனி. டிராய்.

செல்லப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்ட போன்.

"ஏன் வே, வீடு பிடிக்கலையா?"

"வீடு நல்லா இருக்கு."

"பின்ன? தமிழ் ஆளுங்க இருக்கிற ஊரு வேணும்ன. கடைச் சோதனையெல்லாம் வச்சியே, நான் பாக்கலன்னு நெனச்சியா?"

சொன்னேன். ஃப்ரிஸ்கோ, பூங்கா, தெலுங்கு, எல்லாவற்றையும். "அங்க போனா நீ தனியா கெடந்து சாவியே டே," என்றான். அவன் என்னை டே என்று கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

பின்னாலிருந்து வனஜா என்ன என்ன என்று கேட்பது கேட்டது. அலமாரி விஷயம் அவருக்கு வருத்தமாக இருக்கும்.

ஜூன் 2, ஞாயிறு.

சாமான்களைக் கட்டுகிறேன். ஒரு பெட்டி கட்டினால் வேணி ஒரு பெட்டியைப் பிரிக்கிறாள். இடுப்பு வலி. வீட்டை விற்றாயிற்று. மண்வாரியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அதுதான் இந்த வீட்டில் எனக்குப் பிரிய மனமில்லாமல் போனது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜூலை 28, ஞாயிறு. ஃப்ரிஸ்கோ.

அனல். பனி வேண்டாம் என்று கேட்டதற்கு இப்படியா கொடுப்பது. அதே பூங்காவின் எதிரில் தரைத்தள ஃபிளாட். வேறு எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 10, சனி.

தாரிணி சொன்னபடிதான் ஆகிறது. காலையில் தமிழ் இருக்கிறது. மாலையில் பூங்காவிலிருந்து திரும்பினால் தெலுங்குதான்.

இருட்டத் தொடங்கியதும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். "இண்டிக்கி போதாம்," என்கிறாள். வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம், அதற்கு எனக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. "இதான் வேணி நம்ம வீடு," என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். இது யார் பெட்டி, இது யார் புடவை என்று எடுத்துக் காட்டுகிறேன். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறுகிறது. இன்று கதவைப் பிடித்து உலுக்கினாள். நானும் கத்திவிட்டேன். பிறகு இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

நான் தப்பான ஊருக்குக் கூட்டி வந்துவிட்டேனோ.

ஆகஸ்ட் 12, திங்கள்.

அன்னபூர்ணா புளிச்சக்கீரையில் செய்த கோங்கூரா தொக்கு கொண்டுவந்தார். கதவு விஷயத்தைச் சொன்னேன்.

"இதான் வீடுன்னு ஏன் அண்ணா சண்டை போடுறீங்க? அவங்க கேக்கறது இந்த வீடு இல்ல. போதாம்னு சொல்லுங்க. அன்னம் தினி போதாம். சாப்ட்டு போலாம்னு."

"அது பொய்யாச்சே."

"சாப்ட்டாங்கன்னா மறந்துடுவாங்க. மறக்கலைனா ரெண்டு பேரும் வெளிய ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. போனது பொய் ஆகாது இல்ல?"

அந்த மூன்று வார்த்தைகளையும் பல தடவை சொல்லிக் காட்டச் சொன்னேன். மாலையில் வேணி பையை மாட்டியதும் சொன்னேன். "அன்னம் தினி போதாம்."

அவள் நின்றாள். என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நான் சொன்னதைத் திருத்தி, ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல் நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னாள். நானும் திருப்பிச் சொன்னேன். பையை வைத்துவிட்டுத் தட்டெடுத்து வந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு.

பூங்காவில் எனக்கும் ஒரு மூலை கிடைத்துவிட்டது. பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்துக்கு இரண்டு புரிகிறது. கடைக்குப் போனால் அன்னபூர்ணா ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்துப் பெயர் சொல்கிறார். வெள்ளரிக்காய்க்கு தோசகாய. அதை மட்டும் மறக்காமல் மனசில் போட்டுக்கொண்டேன்.

பூங்காவில் வாய் நிறையத் தமிழ் பேச ஆளில்லை. ஞாயிறுதோறும் செல்லப்பா கூப்பிடுகிறான். ஒரு மணி நேரம் அவனுடைய முதுகுவலியைச் சொல்கிறான், நான் என்னுடையதைச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது. வேணி அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

தாரிணியும் போனில் ஏதோ போட்டுத் தெலுங்கு கற்கிறாளாம். இன்று கரடிக் குரலில் தெலுங்கில் ஒரு வரி சொன்னாள். வேணிக்கு அது மகள் என்று தெரியவில்லை. ஆனால் கரடிக்குச் சிரித்தாள்.

அக்டோபர் 26, சனி.

நாலு நாளாகத் தமிழ் இல்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன், வேறென்ன செய்வது. கடைசியாகத் தமிழில் சொன்னது, "உப்பு ஜாஸ்தி."

சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

நவம்பர் 3, ஞாயிறு.

வெயிலின் கடுமை குறைந்துவிட்டது. காலையிலேயே பூங்காவுக்குப் போனோம். வேறு யாரும் இன்னும் வரவில்லை. நான் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன், வேணி மறு ஓரத்தில். நடுவில் அவளுடைய பை. அவள் குளத்தைப் பார்த்தாள், வாத்துகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். புதிதாக வந்த ஆளிடம் மரியாதைக்குப் பேச்சுக் கொடுப்பவள்போல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"மீரு ஏ ஊரு?" என்று கேட்டாள்.

எந்த ஊர் என்று கேட்கிறாள். இரண்டாவது தடவையாக என்னிடம் கேட்கிறாள். திருநெல்வேலி என்று வாய் வரைக்கும் வந்தது. மிச்சிகன் என்றும் சொல்லியிருக்கலாம்.

"ஈ ஊரே," என்றேன். இதே ஊர்தான்.

அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் நன்றாக உட்கார இடம் விட்டாள்.

"மாதி சாத்தூரு," என்றாள். அப்புறம் தோசகாய பற்றி என்னவோ சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

"தெலுசு," என்றேன்.

உனக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தாள். பிறகு நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்ததும், அந்த ஊரைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.